பலகார டப்பாவில் எந்த லிங்க்கை அச்சடிப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே பலகார ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த அக்காமார் பலர் வீட்டிலேயே அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் செய்து விற்கிறார்கள். ஸ்டிக்கர் டிசைனுக்கு வரும்போது அவர்கள் கேட்பது இதுதான்: "தம்பி, கியூஆர் போடணும். அதைத் தட்டினா எங்க போகணும்?"

அந்த லிங்க் எங்கே உட்காரப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஃபேஸ்புக் பதிவில் தப்பான லிங்க் போனால் திருத்திவிடலாம். டப்பாவில் ஒட்டிய ஸ்டிக்கரையும் கோயில் திருவிழா பேனரையும் திருத்த முடியாது.

முதலில் வாட்சாப்பின் நேர் லிங்க், அதாவது தட்டியதும் நம் எண்ணுக்கு உரையாடலைத் திறக்கும் wa.me முகவரி. காசு கிடையாது, கணக்கும் தேவையில்லை. எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எடுத்துவிட்டு 60 சேர்க்க வேண்டும். கூட்டல் குறியோ கோடோ வரக்கூடாது. அதோடு, தட்டியவுடன் தானாக நிரம்பி நிற்கும் செய்தி ஒன்றையும் வைக்கலாம். டப்பாவுக்கு "டப்பா பார்த்தேன்", பசார் மாலாம் (இரவுச் சந்தை) பேனருக்கு "பேனர் பார்த்தேன்" என்று வேறுவேறாக வைத்தால், ஆர்டர் எங்கிருந்து வருகிறது என்று செய்தியிலேயே தெரிந்துவிடும். லிங்க்கைச் சுருக்கித் தரும் சேவை எதுவும் இல்லாமல் கிடைக்கிற கணக்கு இது. நம் ஊர் வியாபாரத்துக்கு இதைவிடப் பயனுள்ள உத்தி எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. லிங்க்குக்குள் ஒரு தமிழ் எழுத்துக்குறி போனால் அது ஒன்பது குறிகளாக விரியும். அதனால் நீளமான தமிழ்ச் செய்தி வைத்தால் கியூஆர் பொடிப்பொடியாக அடர்ந்துவிடும்; சின்ன ஸ்டிக்கரில் மலிவான கைப்பேசிக்குப் பிடிபடாது. வாட்சாப் பிஸ்னஸ் செயலி கொடுக்கும் குறுகிய லிங்க்கை வைத்தால் இந்தத் தொல்லை குறையும். ஆனாலும் அது அந்த ஒரே எண்ணோடு கட்டுப்பட்டது. அடுத்த வருடம் எண் மாறினால் மிச்சமிருக்கிற ஸ்டிக்கர் அத்தனையும் வீண்.

அப்புறம் இலவசச் சுருக்கிகள். டைனியூஆர்எல் 2002 முதலும் பிட்லி 2008 முதலும் இருக்கின்றன. அவசரத்துக்கு ஒரு கூகள் ஃபார்ம் முகவரியைச் சுருக்க இவை போதும். அச்சுக்கு நான் இவற்றைச் சிபாரிசு செய்வதில்லை. கணக்கில்லாமல் டைனியூஆர்எல்லில் செய்த லிங்க் போய்ச் சேரும் இடத்தைப் பிறகு மாற்ற முடியாது. பிட்லியில் அந்த வசதிக்குப் பணம் கட்ட வேண்டும். இலவச லிங்க்கைத் தட்டினால் நடுவில் பிட்லியின் சொந்தப் பக்கம் வந்து நிற்கவும் கூடும். பெரிய நிறுவனமாக இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. கூகள் தன் சுருக்கியை 2009-இல் தொடங்கி, 2019-இல் புது லிங்க் கொடுப்பதை நிறுத்தியது. பழைய லிங்க்குகளையும் 2025 ஆகஸ்டில் மூடப்போவதாக அறிவித்தது. கடைசி நேரத்தில் இறங்கிவந்து, புழக்கத்தில் இல்லாதவற்றை மட்டும் நிறுத்தியது. ஆப் வெளியிட்டவர்கள் நம்பியிருந்த கூகளின் இன்னொரு லிங்க் சேவையான ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் அதே மாதம் மூடியேவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் நம்பிக்கை. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்சாப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) தட்டிப் பணத்தைப் பறிகொடுத்த கதைகள் எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருக்கின்றன. மோசடிப் புகாருக்கு 997 என்ற எண்ணே வந்துவிட்டது. தகவல் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் உத்தரவால் 2023-இலிருந்து லிங்க் உள்ள எஸ்எம்எஸ்களைப் படிப்படியாகத் தடுத்தார்கள், லிங்க் வைத்த எஸ்எம்எஸ் விளம்பரம் அதோடு போயிற்று. இந்த நிலையில், அர்த்தமில்லாத எழுத்துகளோடு நிற்கும் லிங்க்கைப் பார்த்தால் யார் தட்டுவார்கள்? கடைப் பெயர் தெரிகிற முகவரி என்றால் நம்பித் தட்டுவார்கள்.

அதனால்தான் அச்சுக்கு என் ஓட்டு சொந்த டொமைனுக்கு. கடைப் பெயரில் டாட் எம்ஒய் முகவரி ஒன்று வாங்கி, அதை ரீபிராண்ட்லி, ஷார்ட் டாட் ஐஓ, டப் மாதிரி ஒரு சுருக்குச் சேவையோடு இணைக்கலாம். டப்பாவில் இருப்பது நம் முகவரி. அது எங்கே போக வேண்டும் என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தீபாவளிக்கு ஆர்டர் ஃபார்ம், பொங்கலுக்கு வேறு பட்டியல், எண் மாறினால் புது எண். சேவை பிடிக்காவிட்டால் டொமைனை எடுத்துக்கொண்டு வேறு சேவைக்குப் போகலாம். அமைக்கும்போது, தட்டியவரை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் முறையில் 301 வகையைத் தவிர்த்து 302 (தற்காலிகம்) வகையைத் தேர்ந்தெடுங்கள். 301 என்றால் 'நிரந்தரம்' என்று பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே தட்டியவர் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கலாம்.

ஆண்ட்ராய்டு, ஐஃபோன் பார்த்துப் பிரித்து அனுப்புவது, நாடு பார்த்துத் திருப்புவது எல்லாம் ஆப் விற்பவர்களுக்கு உதவும். முறுக்குக் கடைக்குத் தேவையில்லை. யுவர்ல்ஸ் என்ற திறந்த மூலச் சுருக்கி மென்பொருளைச் சொந்த சர்வரில் போடுவது இன்னொரு வழி. வீட்டில் பிஎச்பி நிரல்மொழி தெரிந்த பிள்ளை இருந்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம்.

கிளிக் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். வாட்சாப்பில் லிங்க்கை ஒட்டியதுமே முன்னோட்டம் எடுக்க அது அந்தப் பக்கத்துக்குப் போய்வரும், ஃபேஸ்புக்கும் அப்படித்தான். சில சேவைகள் இதைக் கழித்துவிடும், எல்லாம் அல்ல.

தானியங்கி வேலைக்கும் இது பொருந்தும். கிளிக் விழுந்ததும் ஸேப்பியர், மேக், என்8என் மாதிரித் தானியங்கிச் சேவைகள் வழியாகத் தகவல் அனுப்ப வைக்கலாம்தான். ஆனால் கிளிக் ஆர்டர் ஆகாது. கிளிக்குக்கெல்லாம் கைப்பேசி அடித்தால், எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்கிறவர் இரண்டாம் நாளே அதை அணைத்துவிடுவார். லிங்க்கைக் கூகள் ஃபார்முக்கு அனுப்புங்கள். ஃபார்ம் நிரப்பியதும் ஷீட்டில் ஒரு வரி ஏறும், அப்போது மட்டும் தகவல் வரட்டும். எத்தனை கிலோ முறுக்கு, எந்தத் தாமான், எந்தத் தேதி என்று சமைப்பவருக்கு வேண்டியது அதில் இருக்கும். பெயரும் எண்ணும் வாங்குவதால், எதற்கு வாங்குகிறோம் என்று ஃபார்மிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். வாடிக்கையாளருக்கு அது நாம் காட்டும் மரியாதை.

டொமைனைக் கடைக்காரரின் சொந்த மின்னஞ்சலில்தான் பதிய வேண்டும், டிசைன் செய்கிற என் போன்றவர் பெயரில் அல்ல. வருடா வருடம் புதுப்பிக்கும் கட்டணத்துக்குத் தானாகப் பணம் போகிற மாதிரி கார்டைப் பதிந்துவிட்டு, அதன் பிறகே ஸ்டிக்கரை அச்சுக்குக் கொடுங்கள்.