போர் போடக் கொடுத்த பைக் சிலிண்டரை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்

இன்று காலைதான் என்ஜினை இரண்டாவது முறையாகப் பிரித்தேன். என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. வயிறு எரிகிறது. நடந்ததைச் சொல்லிவிட்டு, எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

100 சிசி பைக். புகை கக்கியது, ஆயில் குடித்தது. ஹெட்டையும் சிலிண்டரையும் வீட்டிலேயே கழற்றினேன். வால்வு தேய்த்து, சீல் மாற்றியது வரை நல்லபடியாகவே போனது. சிலிண்டரை மட்டும் வீட்டில் குடைய முடியாதே! போர் போடும், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உள்துளையைக் குடைந்து பெரிதாக்கும் லேத் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். பெரிதான துளைக்கு ஏற்ற, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டும் அவர்களே தந்தார்கள். செட், கூலி, கேஸ்கெட், ஆயில் என்று எல்லாம் சேர்த்து அரை மாதச் சம்பளம்.

வாங்கப் போன அன்று பட்டறைக்காரர், ரிங் (பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையம்) மாட்டாத பிஸ்டனை என் கண் முன்னாலேயே சிலிண்டருக்குள் விட்டார். ‘டொக்’கென்று அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. “பாத்தீங்களா தம்பி, எவ்ளோ ஃப்ரீயா இறங்குது!” என்றார். உள்சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்த ‘டொக்’தான் குறையே. சரியாகக் குடைந்த போரில், லேசாக ஆயில் தடவிய பிஸ்டன் மெதுவாகத்தான் இறங்கும். அந்தப் பளபளப்பும் தப்பு. ஹோனிங் செய்த, அதாவது கல்லால் உரசிய குறுக்குக் கோடுகள் தெரிய வேண்டும், ரிங் படிவதே அதில்தான்.

வண்டியைக் கிளப்பியதும் பிஸ்டன் அடிக்கும் சத்தம். மறுபடி புகை. போனில் கேட்டால், “புதுசுதானே, 500 கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிடும்” என்றார். ஓட்டினேன். புகை கூடியது. நேரில் போனால், “ரிங்கைத் தலைகீழா மாட்டியிருப்பீங்க” என்றார். ரிங்கின் குறி மேலே பார்த்தபடி, ரிங்குகளின் வாய்கள் (வெட்டு இடைவெளிகள்) ஒன்றுக்கொன்று தள்ளித்தான் மாட்டியிருந்தேன். மூன்றாம் தடவை, “வீட்ல பிரிச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல தம்பி.” அதற்கு அப்புறம் போனையே எடுக்கவில்லை.

இன்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தேன். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே 0.12 மி.மீ. தகடு தடையில்லாமல் போகிறது. என் வண்டியின் மேனுவலில் புதிய போருக்கு 0.04 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 0.10 வந்தாலே தேய்ந்துவிட்டது என்று கணக்கு. பிஸ்டனை அளக்காமலே குடைந்திருக்கிறார்கள். குடைந்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது. இனி இன்னும் பெரிய 0.75 பிஸ்டன், மறுபடி கூலி, மறுபடி கேஸ்கெட். அரை மாதச் சம்பளம் சும்மா கரைந்தது.

விவரமாக எழுத இப்போது மனம் இல்லை. பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அதற்கு ஏற்றபடி குடையச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் அங்கேயே கேஜ் வைத்துப் பாருங்கள். ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். எத்தனை மி.மீ. இடைவெளி விட்டார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நாளை வேறு பட்டறைக்குப் போகிறேன். கேஜை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.