ஆச்சிக்கு முளைத்த பல்: குடும்பப் படம் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

"ஏல, இது யாருல?"

மூன்றடி அகல ஃபிரேமைச் சுவரில் சாய்த்து வைத்ததும் ஆச்சி கேட்டது இதுதான். நடு நாற்காலியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் காட்டிக் கேட்டாள். அது அவளேதான். வயது 80. ஆனால் படத்தில் இருந்தவளுக்கு முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. நிறம் சலித்த கோதுமை மாவு மாதிரி. மேல்வரிசையில் எப்போதோ விழுந்துபோன இரண்டு பல்லும் திரும்ப முளைத்து, வரிசையாக, வெள்ளையாக இருந்தன. வலது முன்கையில் இருந்த பச்சையைக் காணோம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தெருவில் வந்தவளிடம் ஒரு மரக்கால் நெல் கொடுத்துக் குத்திக்கொண்ட கோலம் அது. அறுபது வருஷமாகப் போகாத பச்சையை, யாரோ ஒருவர் இரண்டு நிமிஷத்தில் அழித்துவிட்டார்.

இதற்கு நான் கொடுத்த தொகை 22,000 ரூபாய். அது எப்படிப் போனது என்று விவரமாக எழுதுகிறேன். ஸ்டுடியோவின் பெயரை எழுதப் போவதில்லை. இப்படி நடப்பது ஒரு கடையில் மட்டுமல்ல என்பது அப்புறம் நாலு பேரிடம் பேசியபோது தெரிந்தது.

போன மே மாதம் ஆச்சிக்கு 80 முடிந்தது. தோஹாவிலிருந்து மாமா குடும்பம், பெங்களூரிலிருந்து சித்தி குடும்பம், சென்னையிலிருந்து நாங்கள், எல்லோரும் பாளையங்கோட்டையில் மூன்று நாள் கூடினோம். கைக்குழந்தையோடு சேர்த்து 19 பேர். இந்தப் 19 பேரும் கடைசியாக எப்போது ஒரே கூரையின் கீழ் இருந்தோம் என்று யாருக்கும் நினைவில்லை. அதனால் படம் நன்றாக வரவேண்டும் என்று நான்தான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். வாங்கிக்கட்டிக்கொண்டதும் நான்தான்.

ஸ்டுடியோக்காரர் இனிக்க இனிக்கப் பேசினார். மேஜைமேல் ஒரு கேனான் 5டி மார்க் 4 கேமராவை எடுத்து வைத்து, "சார், இது ஃபுல் ஃபிரேம். சாதாரண கேமராக்காரன் 12,000க்கு வருவான். நமக்கு 22. ஆனா படத்தைப் பார்த்தீங்கன்னா வித்தியாசம் தெரியும்" என்றார். கண்ணாடி அலமாரியில் இருந்த கல்யாணப் படங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. எடிட் செய்த 25 படம், 24க்கு 36 அங்குலத்தில் தேக்கு ஃபிரேம் ஒன்று, பென்டிரைவ். அட்வான்ஸ் 12,000. ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். அதில் "ஃபேமிலி ஷூட்" என்ற இரண்டே வார்த்தைதான். யார் எடுப்பார்கள், எந்தக் கேமரா, எடிட்டில் என்ன செய்வார்கள், எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஃபுல் ஃபிரேம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: உள்ளே இருக்கும் சென்சார் பழைய பிலிம் ரோலின் ஒரு கட்டம் அளவு, அதாவது 36க்கு 24 மில்லிமீட்டர். விலை குறைந்த டிஎஸ்எல்ஆர்களில் (லென்ஸ் மாற்றிக்கொள்ளும் வகைக் கேமராக்களில்) அது ஏறத்தாழ 22க்கு 15. பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான். பெரிய சென்சார் அதிக வெளிச்சம் வாங்கும். மங்கலான இடத்தில் படம் புள்ளி புள்ளியாகப் போகாது. பின்னணியை அழகாக மங்கவைக்கலாம். உண்மையான பலன்தான், மறுக்கவில்லை. ஆனால் பகல் வெளிச்சத்தில் 19 பேரை நிற்க வைத்து எடுக்கும் படத்துக்கு அது அவ்வளவு முக்கியமா என்று என்னைக் கேட்டால், இல்லை.

காலை ஆறரைக்குக் குறுக்குத்துறை படித்துறையில் எடுப்பதாகப் பேச்சு. அந்த நேரத்துக்குத் தாமிரபரணியில் வெயில் சாய்வாக, இதமாக விழும். ஆச்சியை ஐந்து மணிக்கே குளிக்கவைத்து, தலைவாரி, சேலை கட்டி, காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டோம். ஏழு ஆச்சு, எட்டு ஆச்சு. போன் எடுக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கினான். இருபது வயதிருக்கும். "அண்ணனுக்கு இன்னொரு முகூர்த்தம் வந்திருச்சு சார். நான்தான் எடுப்பேன்."

மே மாதத்துத் திருநெல்வேலியில் பத்து மணி வெயிலில் படித்துறைக் கல்லில் கால் வைக்க முடியாது. வீட்டுக்குத் திரும்பினோம். வாசல் வேப்பமரத்தடியில் நிற்க வைத்தான். இலை இடுக்கு வழியாக விழுந்த வெயில் ஒவ்வொரு முகத்திலும் காசு காசாகக் கிடந்தது. அது சரிவராது என்று பட்டாசலுக்குள், அதாவது வீட்டுக் கூடத்துக்குள் போனோம். லைட் எதுவும் அவன் கொண்டுவரவில்லை. இடம் போதாமல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, லென்ஸின் பார்வைக் கோணத்தை அகலமாக்கி 18 மில்லிமீட்டரில் எடுத்தான். அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்கள் இழுபடுவார்கள். வலது ஓரத்தில் நின்ற மாமா படத்தில் ஒன்றரை மாமாவாக இருக்கிறார்.

அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முந்தின ராத்திரி ஒரு கல்யாண ரிசப்ஷன் முடித்து மூன்று மணிக்குப் படுத்தவன். காபி கொடுத்தோம், குடித்துவிட்டுத்தான் சிரித்தான்.

நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் 60 படம் வந்தது. 25ஐத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எடிட் முடிந்து அதுவும் வாட்ஸ்அப்பிலேயே வந்தது. போனில் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. மாமா தோஹா விமானம் ஏறுவதற்குள் கணக்கை முடித்துவிடலாம் என்று பாக்கி 10,000ஐயும் அனுப்பினேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் இதுதான். கையகலத் திரையில் எந்தப் படமும் நன்றாகத்தான் இருக்கும்.

பத்து நாள் கழித்து ஃபிரேம் வந்தது. மீதியை மேலே சொல்லிவிட்டேன்.

ஆச்சி கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் பென்டிரைவை லேப்டாப்பில் போட்டேன். "ஒரிஜினல்" என்ற ஃபோல்டரில் எடிட் செய்யாத ஜேபெக் படங்கள், அதாவது கேமராவே சுருக்கிச் சேமித்த படங்கள் இருந்தன. ஒரு படத்தை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் என்ற பகுதியைத் திறந்தேன். எக்ஸிஃப் என்பார்கள், கேமரா தானாகவே ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவைக்கும் ஜாதகம். கேனான் இஓஎஸ் 1500டி என்று இருந்தது. நான் மேலே சொன்ன விலை குறைந்த, சின்ன சென்சார் ரகம். அளவு 6000க்கு 4000 பிக்சல். மேஜைமேல் எனக்குக் காட்டிய 5டி மார்க் 4 எடுத்திருந்தால் முழு அளவு 6720க்கு 4480 இருக்க வேண்டும். ஷட்டர் 15இல் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தது, ரொம்ப மெதுவான வேகம். கைக்குழந்தையும் தம்பி மகனும் ஏன் கலங்கலாக இருக்கிறார்கள் என்பதும் புரிந்தது. அந்த வேகத்தில் குழந்தை மூச்சுவிட்டாலே படம் அசையும்.

ஆச்சி மடியில் கொள்ளுப்பேத்தி இருக்கும் படம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். 50 மில்லிமீட்டர் லென்ஸின் துவாரத்தை அகலமாகத் திறந்து எஃப் 1.8இல் வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று எடுத்திருக்கிறான். அந்தக் கணக்குக்குத் தெளிவாக விழும் ஆழம் தோராயமாக ஆறு சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் போய் உட்கார்ந்தது சேலையின் சரிகையில். சரிகையின் ஒவ்வொரு இழையும் எண்ணலாம். இரண்டு முகமும் மங்கல். துவாரத்தைச் சுருக்கி எஃப் 5.6இல் வைத்துக் கண்ணில் ஃபோகஸ் செய்திருந்தால் முடிந்துபோன விஷயம்.

அடுத்து எடிட் ஃபோல்டர். ஃபைல் பெயர் ஒவ்வொன்றிலும் கடைசியில் டபிள்யூஏ என்றும் நாலு எண்ணும் இருந்தன. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சேமித்தால் ஆண்ட்ராய்டு போன் வைக்கும் பெயர் அது. அதாவது, எனக்குத் தேர்வுக்கு அனுப்பிய அதே வாட்ஸ்அப் படங்களைத்தான் எடிட்டருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கினால் நீள விளிம்பு 1600 பிக்சலுக்கு வந்துவிடும். 36 அங்குல ஃபிரேமில் அது அங்குலத்துக்கு 44 பிக்சல். 19 பேர் நிற்கும் படத்தில் பின்வரிசை முகம் ஒன்றுக்கு 60 பிக்சல் அகலம்கூடத் தேறாது.

அந்த 60 பிக்சலை வைத்துக்கொண்டு எடிட்டர் என்ன செய்வார்? பெரிதாக்கும் ஏஐ மென்பொருளில் போடுவார். அது இல்லாததைக் கண்டுபிடித்து வரைந்து தரும். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண், வாய் திறந்திருந்தால் பல். ஆச்சிக்குப் பல் முளைத்தது அப்படித்தான். பின்வரிசையில் என் தங்கையும் சித்தி மகளும் இரட்டைப் பிறவிகள் மாதிரி ஆனதும் அப்படித்தான். அதன்மேல் எல்லோருக்கும் ஒரே வெள்ளைப் பூச்சு. என் அப்பா வாழ்நாளில் இவ்வளவு சிவப்பாக இருந்ததில்லை. அம்மா பார்த்துவிட்டு, "பொண்ணு பார்க்க வந்தப்ப இப்படி இருந்திருக்கலாம்" என்றாள். வீட்டில் அன்று சிரிப்பு வந்த ஒரே தருணம் அதுதான்.

ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன். "ஃபுல் ஃபிரேம் என்று சொன்னீர்களே?" "சார், ரிசல்ட்தானே முக்கியம்." "சரி, ரா ஃபைல் கொடுங்கள், வேறு யாரிடமாவது எடிட் செய்துகொள்கிறேன்." "ராவுல எடுக்கல சார். கார்டையும் ஃபார்மட் பண்ணியாச்சு." ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல், பெரும்பாலும் 14 பிட், ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். ஜேபெக்கில் 256 படிதான். அப்பாவின் வேட்டி வெயிலில் வெளுத்துப்போனால் ராவில் மடிப்பை ஓரளவு மீட்கலாம். ஜேபெக்கில் போனது போனதுதான்.

இது நடந்து இரண்டு நாளில் தங்கை ஒரு இன்ஸ்டாகிராம் பதிவை அனுப்பினாள். ஸ்டுடியோவின் பக்கம். இடது பக்கம் ஆச்சியின் உண்மையான முகம், வலது பக்கம் மாவு பூசிய முகம். "பிஃபோர், ஆஃப்டர்" என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். அதுவரை பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்கப்புறம் அந்த எண்ணம் போய்விட்டது.

பதிவை நீக்கச் சொன்னபோது, "படம் எங்களுதுதானே சார்" என்றார் ஸ்டுடியோக்காரர். அவர் நினைப்பது தவறு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இதற்குத் தெளிவான விதி உண்டு: காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சில ஸ்டுடியோக்கள் ஒப்பந்தச் சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் உரிமை தங்களுக்கே என்று போட்டுக்கொள்வது இதற்காகத்தான். என் சீட்டில் அதுவும் இல்லை. அந்த வகையில் அவர்களுடைய சோம்பேறித்தனம் எனக்கு உதவியது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டு, முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள், பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பேசிய வாட்ஸ்அப் செய்திகள், துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், எக்ஸிஃப் பக்கத்தின் படம், எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எட்டாம் நாள் இன்ஸ்டா பதிவு காணாமல் போனது. பத்தாம் நாள் ஜிபேயில் 9,000 வந்தது. முழுசும் வாங்காமல் விட்டதற்கு மாமா இன்னும் என்னைத் திட்டுகிறார்.

இனி யாராவது எடுக்கப் போகிறீர்கள் என்றால், கேமரா பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். யார் வந்து எடுப்பார்கள் என்று கேளுங்கள். அந்த ஆளின் வேலையைப் பாருங்கள். அவர் வராவிட்டால் தேதி மாறும் என்று எழுதி வாங்குங்கள். ராவில் எடுப்பார்களா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதையும் அதே சீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். எடிட்டருக்கு என்று தனியாக ஒரு வரி: நிறத்தை மாற்றக் கூடாது, மச்சம், தழும்பு, பச்சை, சுருக்கம் எதையும் தொடக் கூடாது. முகப்பரு மாதிரி வந்து போகிறதை எடுக்கட்டும், தப்பில்லை. ஃபிரேமுக்குப் போவதற்கு முன் அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக (அப்போது சுருங்காது) அனுப்பச் சொல்லி, கம்ப்யூட்டரில் நூறு சதவீத அளவில் ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். பாக்கிப் பணம் அதற்கப்புறம். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஸ்டுடியோ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரிஜினல் ஃபோல்டரில் எல்லாவற்றுக்கும் முந்தின படம் ஒன்று இருந்தது. வெளிச்சம் பார்க்க அந்தப் பையன் சும்மா தட்டிய படம். திண்ணை நிழலில் ஆச்சி உட்கார்ந்து, காபி டம்ளரை அவனிடம் நீட்டியபடி எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். பல் இல்லாத இடம் தெரிகிறது. நீட்டிய கையில் பச்சையும் தெரிகிறது. அதே 1500டிதான். நானே உட்கார்ந்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, நிறத்தைச் சற்று வெதுவெதுப்பாக்கி, 12க்கு 18இல் பிரின்ட் போட்டேன். முழுசாக ஒரு மணி நேர வேலை இல்லை. ஆச்சி அதைத் தன் பீரோ கதவில் ஒட்டவைத்திருக்கிறாள்.

பெரிய ஃபிரேமை என்ன செய்வது என்று கேட்டேன். தட்டிப் பார்த்துவிட்டு, "தேக்கு நல்ல தேக்குல. உள்ள இருக்கவள எடுத்துட்டு திருச்செந்தூர் முருகனப் போடு" என்றாள். 24க்கு 36இல் முருகன் படம் டவுனில் மூன்று கடையில் கேட்டுவிட்டேன், இன்னும் கிடைக்கவில்லை.