திட்டுகிற மேலாளரை விட்டு விலக நான்கு வழிகள்: எதில் என்ன மிஞ்சும்?

பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த இடத்தில் நாலு பேர் முன்னால் மேலாளர் வாய்க்கு வந்தபடி பேசினால், அன்றைக்கே அடையாள அட்டையை மேசையில் போட்டுவிட்டு வரத்தான் தோன்றும். தனியார் வேலையில் இருப்பவருக்கு வழிகள் நான்கு: சொல்லாமல் நின்றுவிடுவது, முறைப்படி ராஜினாமா, நிறுவனம் நீட்டும் தாளில் கையெழுத்து, உள்ளே இருந்தபடியே புகார்.

முதலில் பணிக்கொடைக் கணக்கு, அதாவது பல வருடம் உழைத்துவிட்டு விலகும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டித் தொகை. கடைசியாக வாங்கிய, கணக்கில் சேரும் மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு முழு வருடமாகும். சம்பளம் 26,000, சேவை 12 வருடம் 7 மாதம் என்றால் 15,000 × 13 = 1,95,000 ரூபாய். ராஜினாமா செய்தாலும் இது உண்டு. நிரந்தர வேலையில் இருப்பவருக்குத் தகுதிக்கு 5 வருடம் வேண்டும். 4 வருடமும் 240 நாளும் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் ஹெச்.ஆர். அதை லேசில் ஒத்துக்கொள்ளாது. ஐந்தாம் வருடம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதே லாபம். பி.எஃப். ஓய்வூதியத்துக்கான 10 வருட வரம்பை நெருங்கியவர்களுக்கும் இதே பேச்சுதான்.

சொல்லாமல் நின்றுவிடுவதில் மனசு உடனே ஆறும், காகிதம் மோசமாகும். ‘வேலையைக் கைவிட்டார்’ என்று பதிவுத் தபால் வரும். பதில் போடாவிட்டால் விசாரணை, பதவி நீக்கம். வெறுமனே வராமல் இருந்ததற்காகப் பணிக்கொடையைப் பறிக்க முடியாது. ஆனால் நோட்டீஸ் காலச் சம்பளத்தைப் பிடிப்பார்கள், முறையாக விடுவித்தோம் என்கிற ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. அடுத்த கம்பெனி பின்னணி விசாரிக்கும்போது அங்கேதான் இடிக்கும். அடிதடி, உயிர்பயம் என்ற நிலைமை இருந்தால் மட்டுமே இந்த வழி. அப்போதும் அன்றே ஒரு மின்னஞ்சலில் காரணத்தை எழுதிவிட்டால் ‘கைவிட்டார்’ என்ற கதை அவ்வளவு சுலபமாக நிற்காது.

ராஜினாமாதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதில் இடறுகிற இடம், கடிதம் கொடுப்பதற்கு முந்தைய வாரம். கொடுத்த அன்றே அலுவலக மின்னஞ்சலை முடக்கும் இடங்கள் உண்டு. அதனால் சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதங்கள், விடுப்பு இருப்பு எல்லாவற்றையும் முன்னதாகவே எடுத்து வைக்க வேண்டும். கம்பெனியின் கோப்புகளையோ வாடிக்கையாளர் விவரங்களையோ தொட வேண்டாம், அதையே நம்மேல் திருப்புவார்கள். பி.எஃப். கணக்கில் பெயர், பிறந்த தேதிப் பிழை இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள்; சில திருத்தங்களுக்கு இன்னும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், சண்டை போட்டுக்கொண்டு வந்தபின் அதைக் கேட்டுப் போய் நிற்க முடியாது. விலகிய தேதியை அவர்கள் பதியாமல் இழுத்தடித்தால் மட்டும் கவலையில்லை: கடைசிச் சந்தா சேர்ந்து இரண்டு மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் நாமே பதியலாம்.

நோட்டீஸ் காலத்தில் திட்டு கூடும், குறையாது. நியமனக் கடிதம் அனுமதித்தால் நோட்டீஸ் நாட்களுக்கான பணத்தைக் கட்டிவிட்டுச் சீக்கிரம் விலகலாம். ஒரு மாதம் அங்கே அவதிப்படுவதைவிட ஒரு மாதச் சம்பளம் போவது பலருக்கு மலிவு. எப்படியானாலும், விருப்பமில்லாதவரை வேலை செய்யும்படி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது.

மூன்றாவதுதான் பொறி. ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று அவர்களே அடித்த கடிதத்தை நீட்டி, அறையைச் சாத்திக்கொண்டு கையெழுத்துக் கேட்பார்கள். காரணம் எளிது. நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால், தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவருக்கு வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு, பணிக்கொடைக்கு மேலாகத் தர வேண்டும். ராஜினாமா என்று ஆகிவிட்டால் அது போயிற்று. ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று வெளியே வாருங்கள். கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால் அன்றிரவே, கட்டாயத்தில் போட்டது, திரும்பப் பெறுகிறேன் என்று மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நம்புவது கடினம்.

புகார் வழி, கொடுமை எந்த வகை என்பதைப் பொறுத்தது. பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் கைகொடுக்கும். 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார், 90 நாளில் விசாரணை. அதுவரை இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ நாலு பேர் முன்னால் சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வெறும் ஏச்சுப் பேச்சுக்கும் அவமதிப்புக்கும் என்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் உள்புகார் பலிக்குமா என்பது மேலாளருக்கு மேலே இருப்பவரைப் பொறுத்தது. முதலாளியே திட்டுகிற சிறு நிறுவனத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? அங்கே இந்த வழிக்கு மெனக்கெட வேண்டாம். மற்ற இடங்களில், தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் என்று குறித்துவைத்த நோட்டு இருந்தால்தான் புகார் நிற்கும்.

எந்த வழியில் போனாலும், விலகிய 30 நாளில் பணிக்கொடை வராவிட்டால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனுப் போடலாம். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதி வாங்கியிருந்தாலும் அது பணிக்கொடைக்கான சட்டத்தை மீறி நிற்காது. குழு மருத்துவக் காப்பீடு மட்டும் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 3 வருடம் வரை போகலாம். சொந்த பாலிசியைக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.