எண்ணெயும் தண்ணீரும் முடிவு செய்த தேர்வு: அயர்வுச் சோதனைக்கு ஒத்ததிர்வு இயந்திரமா, சர்வோ ஹைட்ராலிக்கா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிக்கு அருகே, இருசக்கர வாகனங்களுக்கான கனெக்டிங் ராடுகளை (எஞ்சினில் பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டுகள்) ஃபோர்ஜிங் முறையில், அதாவது சூடான எஃகை அச்சில் அடித்து வடித்து, செய்து தரும் ஒரு தொழிற்கூடத்தின் பரிசோதனைக் கூடத்தை நான் கவனித்துவருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, முழுப் பாகத்தையே பொருத்தி அயர்வுச் சோதனை (திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி, எத்தனை சுழற்சியில் முறிகிறது என்று பார்ப்பது) செய்யக்கூடிய ஓர் இயந்திரம் வாங்க நிர்வாகம் ஒப்புக்கொண்டபோது, எதை வாங்குவது என்ற கேள்வி என்னிடம் வந்தது. பம்ப் தரும் எண்ணெய் அழுத்தத்தை வால்வால் கட்டுப்படுத்திச் சுமை ஏற்றும் சர்வோ ஹைட்ராலிக் இயந்திரம் ஒருபுறம், பாகத்தை அதன் இயல்பான அதிர்வெண்ணிலேயே மின்காந்தத்தால் அதிரவைக்கும் ஒத்ததிர்வு இயந்திரம் மறுபுறம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் விற்பனையாளர்கள் முன்வைக்கும் காரணம் வேறு, எனக்கு முக்கியமாகப்பட்ட காரணம் வேறு. அதைத்தான் இங்கே விரிவாக எழுத நினைக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. எங்கள் கூடத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் சுழல்வளைவு இயந்திரம் அது. 1850களிலும் 1860களிலும் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று கண்டறிய அவுகுஸ்ட் வோலர் செய்த சோதனைகளின் வழிவந்தது. சுழலும் உருளைத் துண்டின் மேல் எடையைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பு ஒருமுறை இழுவைக்கும் ஒருமுறை அமுக்கத்துக்கும் உள்ளாகிறது. விலை குறைவு, பழுது அரிது, புதிய எஃகு வந்தவுடன் அதன் தரத்தைப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதில் கடைந்தெடுத்து மெருகேற்றிய துண்டைத்தான் சோதிக்க முடியும். ஃபோர்ஜிங் மேல்தோலும் ஷாட் பீனிங் செய்த (சிறு மணிகளை வேகமாக அடித்து இறுக்கிய) பரப்பும் கொண்ட உண்மையான ராடைப் பொருத்த முடியாது. மேலும் வளைவில் உச்சத் தகைவு (பரப்பளவுக்கு விழும் விசை) மேற்பரப்பில் மட்டுமே விழுகிறது. நீளவாக்கில் இழுத்து அமுக்கும் நேர்ச்சுமையில் குறுக்குவெட்டு முழுவதும் அதே தகைவைச் சுமப்பதால், உள்ளே புதைந்திருக்கும் கசடுத் துகளும் விரிசலுக்குத் தொடக்கமாகலாம். அதனால்தான் நேர்ச்சுமையின் அயர்வு வரம்பை (அதற்குக் கீழே முறிவு நேராத தகைவு)ச் சுழல்வளைவில் கிடைப்பதில் ஏறத்தாழ 0.85 பங்கு என்று வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ராடு ஓர் எஞ்சினுக்குள் சுமப்பது பெரும்பாலும் நேர்ச்சுமை. ஆகவே அதன் தீர்ப்பை வளைவுச் சோதனையிடம் விட முடியாது.

சர்வோ ஹைட்ராலிக் இயந்திரத்தின் வலிமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எந்த அலைவடிவத்தையும் கொடுக்கும்; சாலையில் பதிவுசெய்த சுமையை அப்படியே திரும்ப இயக்கும்; திரிபை (பாகம் நீளும் அளவை)க் கட்டுப்படுத்திச் செய்யும், குறைந்த சுழற்சியிலேயே முறியும் சோதனைகளுக்கு அதுவே வழி; ரப்பர் புஷ் போன்ற மென்மையான பாகங்களுக்கு வேண்டிய நீண்ட அசைவையும் தரும். ஒத்ததிர்வு இயந்திரத்தால் இவற்றில் எதையும் சரிவரச் செய்ய முடியாது. அது சைன் அலை ஒன்றையே அறியும். பாகத்தின் விறைப்பும் பொருத்திய நிறைகளும் சேர்ந்து எந்த அதிர்வெண்ணைக் கொடுக்கின்றனவோ அதில் மட்டுமே ஓடும். பலவகைப் பாகங்களைச் சோதிக்கும் பொது ஆய்வகம் வைத்திருப்பவர், இந்த இடத்திலேயே சர்வோ ஹைட்ராலிக்கின் பக்கம் போய்விடுவதுதான் முறை.

எங்கள் தேவை அப்படிப்பட்டதன்று. எஃகு ராடு, நேர்ச்சுமை, மாறாத வீச்சு, ஒரு கோடி சுழற்சி முறியாமல் தாங்கினால் தேர்ச்சி. இதில் முதலில் தெரியும் வேறுபாடு வேகம். எங்கள் ராடுக்குத் தேவையான வீச்சில், சுமையின் துல்லியம் கெடாமல் சர்வோ ஹைட்ராலிக்கை 20 ஹெர்ட்ஸில் ஓட்டலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடி சுழற்சிக்கு 139 மணி நேரம் ஆகும். ஒத்ததிர்வு இயந்திரத்தில் அதே ராடு 90 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. 31 மணி நேரத்தில் முடிகிறது. அயர்வு வரம்பைப் படிக்கட்டு முறையில் (ஒரு துண்டு முறிந்தால் அடுத்ததற்குச் சுமையைக் குறைத்து, தாங்கினால் கூட்டிப் பார்ப்பது) நம்பகமாகக் கணிக்க 30 துண்டுகள் வேண்டும். அவற்றில் பாதி முறியாமல் கோடியை எட்டும் என்று கொண்டால், அந்தப் பாதிக்கு மட்டும் ஹைட்ராலிக்கில் 87 நாட்களும் ஒத்ததிர்வில் 20 நாட்களுக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகின்றன. அதிக ஓட்டம் தரும் வால்வும் பெரிய பம்பும் போட்டால் ஹைட்ராலிக்கின் வேகத்தையும் கூட்டலாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெரிய பம்பிலிருந்துதான் என் முக்கியக் காரணம் தொடங்குகிறது.

இந்த வேலைக்கு வருமுன், இதே மாவட்டத்தில் வேறொரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகள் சர்வோ ஹைட்ராலிக் இயந்திரத்தைப் பராமரித்தேன். அதன் பம்பை இயக்கிய மோட்டார் 37 கிலோவாட். ஓடும்போது சராசரியாக 25 கிலோவாட் இழுத்தது. 139 மணி நேரச் சோதனை ஒன்றுக்கு அது 3,475 யூனிட். இப்போதுள்ள இயந்திரம் 2 கிலோவாட்டுக்கும் குறைவாகவே எடுப்பதால் ஒரு ராடுக்கு 62 யூனிட்டைத் தாண்டுவதில்லை. மின்கட்டணத்தையாவது முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். கணக்கில் எழுதாமல் விடுவது, அந்த 25 கிலோவாட்டில் பெரும்பகுதி எண்ணெயில் வெப்பமாக மாறுவதையும், அந்த வெப்பத்தை நாள் முழுதும் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும்தான். வெளியேற்றுவதற்குத் தண்ணீர் வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிப்பவர்களின் பல்லையும் எலும்பையும் கெடுப்பது ஃபுளோரைடு. இயந்திரத்துக்குப் பகை அதே தண்ணீரின் கடினத்தன்மை. போர்வெல் நீரைக் கூலிங் டவரில் சுற்றவிட்டால், ஆவியாகும் நீர் போக, கரைந்த உப்பு மிஞ்சியதில் செறிந்துகொண்டே வருகிறது. சூடான எண்ணெயைத் தொடும் தகட்டின் மேல் வெள்ளைக் காரையாகப் படிகிறது. மெல்லிய காரைகூட வெப்பம் கடப்பதைத் தடுத்துவிடும். நாங்கள் எண்ணெயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றி, தகடு தகடாக அமிலத்தில் கழுவி மாட்டுவோம். கோடையில் சில வாரங்களுக்கு ஒருமுறையே அதைச் செய்ய வேண்டியிருந்தது. மென்னீராக்கி வைத்தோம். அதன் ரெசினுக்கு உப்பு, அந்த உப்பைப் போட ஓர் ஆள், அவர் வராத நாளில் மீண்டும் காரை.

ஒரு மே மாதம், 82 லட்சம் சுழற்சியைத் தாண்டிய நிலையில், நள்ளிரவில் எண்ணெயின் சூடு எல்லை மீறிப் பம்ப் தானாக நின்றுவிட்டது. காலையில் மறுபடி இயக்கியபோது, அழுத்தம் ஏறும் கணத்தில் சுமை ஒருமுறை துள்ளியது பதிவில் தெரிந்தது. அந்தத் துண்டின் முடிவை நான் ஏற்கவில்லை. இழுவையில் விழும் ஒரே ஒரு மிகைச்சுமை, விரிசலின் முனையில் அமுக்கத் தகைவை எஞ்சவைத்து, அதற்குப் பின் விரிசல் வளரும் வேகத்தைக் குறைத்துவிடும். ஆயுள் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். பாகம் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டு அது சாலையில் முறிவதைவிட, ஐந்து நாள் உழைப்பைத் தூக்கி எறிவதே நேர்மை என்று அன்று நினைத்தேன். மாற்றிக்கொள்ளக் காரணம் இன்றுவரை கிடைக்கவில்லை.

தண்ணீரே வேண்டாம், காற்றால் குளிரும் சில்லர் போடலாமே என்று கேட்பார்கள். அங்கேதான் இந்த மாவட்டத்தின் இன்னொரு இயல்பு குறுக்கே வருகிறது. கிரானைட் குவாரிகளும் கிரஷர்களும் உள்ள ஊர் இது. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் மேசை மேல் சாயங்காலம் விரலால் கோடு போடலாம். அந்தத் தூசு சில்லரின் இறக்கைகளை அடைக்கிறது என்பது சிறிய தொல்லை. எண்ணெய்த் தொட்டிக்குள் போவதுதான் பெரிய தொல்லை. சர்வோ வால்வின் உள்ளே முன்னும் பின்னும் ஓடி எண்ணெயைத் திருப்பும் ஸ்பூல் என்ற தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. அப்படிப்பட்ட துகள், 210 பார் அழுத்தத்தில் பாயும் எண்ணெயோடு வால்வின் கூர்விளிம்பை உரசிப் போகும்போது அங்கே நடப்பதும் தேய்மானச் சோதனைதான், நாம் கேட்டுச் செய்வதில்லை என்பதே வேறுபாடு. விளிம்பு மழுங்கினால் கசிவு கூடும், சுமை அலை உருக்குலையும், வால்வைச் சீர்செய்ய அனுப்பிவிட்டு இயந்திரத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேரும். இதைத் தடுக்க 3 மைக்ரான் ஃபில்டர்கள், தொட்டியின் மூச்சுக்குழாய்க்குத் தனி ஃபில்டர், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாதிரிப் பரிசோதனை, சில ஆண்டுகளில் முழு எண்ணெய் மாற்றம். மாற்றிய பழைய எண்ணெய் சட்டப்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுத்து, ஆவணத்தையும் பாதுகாக்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் சோதனை செய்த நேரத்தைவிட எண்ணெயோடும் தண்ணீரோடும் செலவிட்ட நேரமே அதிகம் என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

ஒத்ததிர்வு இயந்திரத்தில் பம்ப் இல்லை, எண்ணெய் இல்லை, குளிர்நீர் இல்லை. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அது திரும்பும் கணம் பார்த்துச் சிறிது தள்ளினால் போதும் என்பதுபோல, அமைப்பின் இயல்பதிர்வெண்ணிலேயே மின்காந்தம் தள்ளுவதால், உராய்விலும் பொருளின் உள்தணிப்பிலும் கரையும் ஆற்றலை மட்டும் ஈடுசெய்தால் போதுமானது. மின்சாரம் போனால் வீச்சு மெல்லத் தேய்ந்து அடங்குகிறது, துள்ளல் இல்லை. இந்த இரண்டு ஆண்டுகளில் நான் செய்த பராமரிப்பு என்றால் தூசு துடைத்தது, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்தது, ஆண்டுதோறும் சுமையை அளக்கும் லோட் செல்லை அளவுத்திருத்தம் செய்தது ஆகியவைதான். அளவுத்திருத்தத்தில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: நிலைச்சுமைக்கான சர்வதேசத் தர விதி ஐஎஸ்ஓ 7500-1 போதாது, இவ்வளவு வேகத்தில் பிடிப்பான்களின் நிறையே சுமையை மாற்றிக் காட்டும் என்பதால், இயங்குசுமைக்கான ஐஎஸ்ஓ 4965 படியும் சரிபார்க்க வேண்டும்.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்று. விரிசல் தோன்றினால் பாகத்தின் விறைப்பு குறைகிறது, விறைப்பு குறைந்தால் அதிர்வெண் இறங்குகிறது. அரை ஹெர்ட்ஸ் இறங்கினால் நிறுத்து என்று அமைத்துவிட்டால், ராடு இரண்டாகப் பிளக்கும் முன்பே கையில் கிடைக்கிறது. முறிந்த முகங்கள் ஒன்றோடொன்று மோதி நசுங்காததால், விரிசல் எங்கே பிறந்தது என்பது நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் ராடுகளில் அது பலமுறை சிறு கண்ணின் (பிஸ்டன் பக்கத்துத் துளையின்) உட்பரப்பில், அதில் செருகிய ‘பின்’ என்ற உருளையோடு உரசும் இடத்தில் இருந்தது. இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: 90 ஹெர்ட்ஸில் அந்த உரசல் எஞ்சினில் இருப்பதைவிட மோசமாகச் சூடேறலாம். நாங்கள் மசகு இட்டு, வெப்பநிலையைத் தொடர்ந்து பார்க்கிறோம். ஹைட்ராலிக்கிலும் விறைப்பைக் கண்காணித்து நிறுத்தலாம். என் பழைய இயந்திரத்தில் அந்த வசதி அவ்வளவு நுட்பமாக இல்லை, இப்போது வருபவற்றில் இருக்கக்கூடும்.

எனக்கு அனுபவம் குறைந்த இடங்களையும் சொல்லிவிட வேண்டும். விரிசல் வளர்ச்சி வீதச் சோதனையை இந்த இயந்திரத்தில் நான் இரண்டு முறைதான் செய்திருக்கிறேன். விரிசல் வளரத் தொடங்கும் எல்லையருகே, சுழற்சிக்கு 10⁻¹⁰ மீட்டர் வேகத்தில் விரிசல் ஊரும்போது ஒரு மில்லிமீட்டர் நகரவே ஒரு கோடி சுழற்சி ஆகும் என்பதால் வேகம் அங்கே பெரிதும் உதவுகிறது. ஆனால் இரண்டு சோதனைகளை வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அலுமினிய ராடுகளை இதுவரை சோதித்ததில்லை. பத்து ஆண்டுகள் கழித்து இயந்திரம் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. சர்வோ ஹைட்ராலிக் இயந்திரங்களைப் பெங்களூரிலேயே செய்கிறார்கள். ஓசூர் தாண்டினால் ஆள் கிடைப்பார். என் இயந்திரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதன் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று பழுதானால் மாற்றுப் பலகை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இதுவரை அந்த நிலை வரவில்லை, வந்தால் இந்த அலசலின் எடை கொஞ்சம் மாறும். வாங்கும் விலையும் எங்களுக்கு வந்த மேற்கோள்களில் இதற்கே சற்று அதிகமாக இருந்தது. ஓடும்போது எழும் ரீங்காரம் பக்கத்து அறைவரை கேட்கும். ஒலித்தடுப்புக் கூண்டையும் சேர்த்தே விலை கேட்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் விற்பனையாளர் தாளில் எழுதியிருக்கும் அதிர்வெண்ணை வைத்து நாள் கணக்குப் போட வேண்டாம். எங்களுக்கு 140 ஹெர்ட்ஸ் என்று சொன்னார்கள். அது ஒரு விறைப்பான உருளைத் துண்டுக்கு. எங்கள் ராடையும் அதைப் பிடித்து நிறுத்தும் கனமான ஃபிக்சரையும் மாட்டியபோது 90தான் வந்தது. சொந்தப் பாகத்தையும் ஃபிக்சரின் வரைபடத்தையும் முதலிலேயே அனுப்பி, அவர்களுடைய கூடத்தில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அன்று திரையில் தெரியும் அதிர்வெண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.