கிளாட் கோட்: சீசன் விட்டு சீசன் வேலை செய்கிறவனின் அனுபவம்

நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் நெல் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறேன். ஆள் நான் ஒருவன்தான். குறுவை அறுப்பு முடிந்துவிட்டால் சம்பா அறுப்பு வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். தை பிறந்ததும், "தம்பி, அட்வான்ஸ் கழியலயே, என்னன்னு பாருங்க" என்று நாலு பக்கமிருந்தும் போன் வரும். அதனால் கோட் எழுத உதவும் ஏஐ எதுவானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இடைவெளி விட்டு வந்தால் விட்ட இடத்தைப் பிடிக்க முடிகிறதா?

ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோட் அப்படிப்பட்ட ஒரு ஏஐ. குறுகிய இடைவெளிக்கு அது அருமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் இல்லாத நாளில், சாயங்காலம் வந்து கன்டின்யூ கட்டளையைக் கொடுத்தால் போதும், அந்த ஃபோல்டரில் கடைசியாக நடந்த உரையாடல் அப்படியே திறக்கும். ரெஸ்யூம் கொடுத்தால் பழைய உரையாடல்களின் பட்டியல் வரும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பட்டம் (சாகுபடி சீசன்) முடிந்து அடுத்த பட்டத்துக்கு வருகிறவனுக்கு இது உதவாது. செட்டிங்கை மாற்றாவிட்டால் பழைய உரையாடல்கள் 30 நாளில் கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துவிடும். நாட்களைக் கூட்டி வைக்கலாம்தான். ஆனாலும் நீளமான உரையாடல், ஏஐ ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்ளும் இடம் நிரம்பியதும் தானே சுருக்கப்படும், அப்போது நுணுக்கங்கள் உதிரும். காம்பேக்ட் கட்டளையோடு 'இதை விடாதே' என்று சொல்லிச் சுருக்க வைப்பது கொஞ்சம் மேல்.

என்னைப் பொறுத்தவரை இதன் உண்மையான பலம் கிளாட்.எம்டி என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒவ்வொரு செஷன் தொடங்கும்போதும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையில் இறங்குகிறது. இனிட் கட்டளை கொடுத்தால் கோடைப் பார்த்து அதுவே ஒரு ஃபைல் எழுதித் தரும். ஆரம்பத்துக்குச் சரி. ஆனால் கோடில் இருப்பதை அது எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளும். கோடில் இல்லாததைத்தான் நாம் எழுத வேண்டும். என் ஃபைலில் இருப்பவை சில:

"டிரைவர் நோட்டில் 1.40 என்றால் 1 மணி 40 நிமிடம். தசமம் இல்லை. மணிக்கு 2400 ரூபாய் என்றால் 4000 வர வேண்டும், 3360 இல்லை."

"சம்பா, தாளடி இரண்டும் ஒரு வருஷத்தில் நட்டு அடுத்த வருஷம் அறுப்பது. பட்டத்தைக் காலண்டர் வருஷத்தால் பிரிக்காதே."

"நிலத்தை மாவில் சொல்வார்கள். 1 மா என்பது 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட்."

"வயலில் சிக்னல் இருக்காது. அங்கிருந்தே ஆன்லைனில் பதிவது என்ற யோசனையைப் பேசிக் கைவிட்டாயிற்று, திரும்பச் சொல்லாதே."

அந்தக் கடைசி வரி மாதிரி வரிகள்தான் எனக்கு உயிர். எதைச் செய்தோம் என்பது கோடிலும் கிட் (கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றிலும் கிடக்கிறது. எதை ஏன் வேண்டாமென்று விட்டோம் என்பது எழுதினால்தான் உண்டு. முன்பு நான் வைத்திருந்த வேறொரு உதவியாளர், ஒவ்வொரு செஷனிலும் ஆன்லைன் பதிவையே புதுசு புதுசாக முன்மொழியும். அதோடு மல்லுக்கட்டியே பொழுது போகும்.

இந்த ஃபைலைச் சின்னதாக வைத்திருக்க வேண்டும். நீளம் கூடக் கூட, அதில் சொன்னதைக் கடைப்பிடிப்பது தளர்கிறது. அதோடு, அதில் எழுதியது அறிவுறுத்தல்தான், பூட்டு இல்லை. பணம் புழங்கும் இடத்தில் அதை மட்டும் நம்பாதீர்கள். 1.40 விதியை டெஸ்டாகவும் (கணக்கு சரியா என்று தானே சோதிக்கும் கோட்) எழுதி வைத்திருக்கிறேன். யார் கை வைத்துக் கெடுத்தாலும் அது உடனே காட்டிக்கொடுக்கும்.

வேலையை நிறுத்தும் முன், எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, அடுத்து எந்த ஃபைலைத் திறக்க வேண்டும் என்று தனிக் குறிப்பு ஒன்றை கிளாட்டையே எழுதச் சொல்கிறேன். படித்துத் திருத்தி, கோடோடு சேர்த்து கிட்டில் போட்டுவிடுகிறேன். அடுத்த பட்டத்தில் புது செஷன் திறந்து, முதல் வேலையாக அந்தக் குறிப்பைப் படிக்கச் சொன்னால், சட்டென்று வேலைக்கு வந்துவிடுகிறது. பழைய உரையாடலை இழுத்து வைத்துக்கொண்டு தொடர்வதைவிட இதுவே எனக்குச் சுத்தமாக இருக்கிறது.

கிளாட்டின் ப்ரோ திட்டம் மாதம் 20 டாலர். நம் ஊர் வருமானத்துக்கு அது பெரிய தொகைதான், ஆனால் வேலை இல்லாத மாதங்களில் நிறுத்தி வைக்கலாம். குறிப்புகள் நம் ஃபோல்டரிலேயே இருக்கும். நாளைக்கு வேறு கருவிக்கு மாறினாலும் அதே வரிகளை ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற பெயரில் வைத்தால், அதைப் படிக்கும் கருவிகள் பல இருக்கின்றன. என்னைப் போலத் தனியாக உட்கார்ந்து பல பேருக்கு வேலை பார்க்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.