சுவரோரம் எடுக்கும் கிரைண்டர்: கான்கிரீட் தரை பாலிஷில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கான்கிரீட் தரை பாலிஷில் நடுத்தரை பெரிய மெஷினின் பொறுப்பு. அதற்கு எடை இருக்கிறது, தேய்க்கும் வட்டுத் தலைகள் மூன்று நான்கு சேர்ந்து சுற்றுகின்றன, ஓட்டுபவர் அவசரப்படாமல் நடந்தால் தரை சீராக வந்துவிடும். சிக்கலெல்லாம் அது எட்டாத இடத்தில்தான். தூசி பறக்காமல் மூடும் கவரின் தடிமனும், கவருக்குள் தலை தள்ளி நிற்கும் தூரமும் சேர்ந்து, சுவரிலிருந்து இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை தரை தொடப்படாமலே நின்றுவிடும். தூண் அடி, கதவு நிலை, படிக்கட்டின் முதல் படி என எங்கு பார்த்தாலும் இந்த மிச்சம் உண்டு. அதைக் கைக் கிரைண்டரால் எடுக்கிறோம். சரியாக எடுக்காவிட்டால் போட்டோவுக்குச் சட்டம் போட்டதுபோல ஹாலைச் சுற்றி ஒரு பட்டை தெரியும். வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

வீடுகளில் கொத்தனார் கையால் தேய்த்துவிட்ட தளம், குடோன்களின் டிரைமிக்ஸ் தளம் (கான்கிரீட்டின் மிகுதித் தண்ணீரை உறிஞ்சி இறுக்கியது) இரண்டிலும் பல வகை மெஷின்களை ஓட்டித் தேய்த்த பிறகு எங்களுக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான். ஓர வேலைக்கு இரண்டு மெஷின் வேண்டும்: வெட்டுக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று. இரண்டையும் ஒரே மெஷினில் முடித்துவிடப் பார்ப்பதுதான் பட்டை விழுவதற்கு முதல் காரணம்.

வேகக் கணக்கு

கடையில் ஆங்கிள் கிரைண்டரை ஏஜி4, ஏஜி5, ஏஜி7 என்று அளவு சொல்லிக் கேட்டு வாங்குகிறோமே, அதில் ஏஜி4 ஓர வேலைக்கு ஆகாது. 100 மி.மீ. வட்டு, எம்10 மரை, 11,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பக்கத்தில் வேகம். டைல்ஸ் வெட்டத்தான் லாயக்கு. ஏஜி5 என்பது 125 மி.மீ., ஏஜி7 என்பது 180 மி.மீ. இரண்டுக்கும் எம்14 மரை என்பதால் கப் வீலும் (வைரத் துண்டுகள் பதித்த, வெட்டும் கிண்ண வட்டு) பேடும் (பளபளப்பாக்கும் வட்டு) மாற்றி மாற்றிப் பொருத்தலாம்.

வாட்ஸை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் அதிகம். வட்டின் விளிம்பு தரைமேல் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 125 மி.மீ. கப் வீல் 10,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் விளிம்பு வேகம் விநாடிக்கு 65 மீட்டர். 180 மி.மீ. கப் வீல் 8,500-இல் சுற்றினால் 80 மீட்டர். பெரிய மெஷினின் 230 மி.மீ. தலை 600 ஆர்பிஎம்மில் சுற்றும்போது வெறும் 7 மீட்டர். ஓரத்தில் பத்து மடங்கு வேகம், ஆனால் தரையை அமுக்கும் எடை மிகக் குறைவு. அதனால்தான் ஒரே கிரிட் எண் (வைரத் துகளின் அளவு; எண் கூடக் கூடத் துகள் பொடி) போட்டாலும் நடுவில் ஒரு கீறலும் ஓரத்தில் வேறு கீறலும் விழுகின்றன. மெட்டல் கட்டத்தில், அதாவது உலோகத்தில் வைரம் பதித்த வட்டால் வெட்டும்போது, ஓரம் ஆழமாக, வளைவு வளைவாகக் கீறப்படும். ரெசின் கட்டத்தில், அதாவது பிசினில் வைரம் கலந்த பேடால் பாலிஷ் செய்யும்போது, நேர்மாறாக, அமுக்கம் போதாமல் பழைய கீறல் அப்படியே நின்றுவிடும்.

வெட்டுக்கான மெஷின் நிலையான வேகத்தில் ஓடினால் போதும். பாஷ் ஜிபிஆர் 15 சிஏ 1,500 வாட்ஸ், 9,300 ஆர்பிஎம்; மக்கிட்டா பிசி5010சி 1,400 வாட்ஸ், 10,000 ஆர்பிஎம். இரண்டும் 125 மி.மீ., இரண்டுமே கான்கிரீட்டைத் தேய்ப்பதற்கென்று டஸ்ட் கவரோடு வருபவை. வீட்டு வேலைக்கு இந்த அளவு போதும். குடோனில் நூறு அடி நீளச் சுவர் என்றால் ஏஜி7, அதையும் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் பூட்டி நின்றுகொண்டே தள்ளுவதுதான் சரி. கையில் பிடித்தால் அரை நாளில் மணிக்கட்டு மரத்துவிடும். கதவு நிலைக்கும் குறுகலான இடத்துக்கும் ஸ்டாண்ட் நுழையாது. அங்கே ஏஜி5-க்குத்தான் வர வேண்டும்.

ரெசின் பேடுக்கு இந்த வேகமெல்லாம் விஷம். பேடின் முதுகில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் பெரும்பாலும் 4,500 ஆர்பிஎம்முக்குள்தான் இருக்கும், அதுவும் தண்ணீர் விட்டு ஓட்டும்போது. உலர் வேலைக்கு 1,500 முதல் 2,500 வரை போதும். 2,500-இல் 125 மி.மீ. பேடின் விளிம்பு வேகம் 16 மீட்டர். இதற்கு மக்கிட்டா பிடபிள்யூ5001சி போல 2,000 முதல் 4,000 வரை வைத்துக்கொள்ளக்கூடிய ஸ்டோன் பாலிஷரோ, 600 முதல் 3,200 வரை போகும் மக்கிட்டா 9237சி போன்ற 180 மி.மீ. பாலிஷரோ பொருந்தும்.

ஏஜி5-இல் வெளியே ஒரு ரெகுலேட்டர் மாட்டி வேகத்தைக் குறைத்துப் பேடு ஓட்டுவதைச் சைட்டில் பார்க்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவது அதே தண்டில் சுற்றும் விசிறி. வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் காற்றும் குறைந்துபோகும். அமுக்கினால் இழுவையும் இருக்காது. சிறிது நேரத்தில் ஆர்மேச்சர் வார்னிஷ் வாசனை வந்துவிடும். குறைந்த வேகத்துக்கென்றே கியர் அமைந்த பாலிஷரில், பாரம் ஏறினாலும் வேகத்தைப் பிடித்துவைக்கும் எலக்ட்ரானிக்ஸ் இருந்தால் அதற்கு நூறு வாட்ஸ் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

டஸ்ட் கவர்

மெஷினுக்கு அடுத்தபடியாக நேரம் செலவழித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது இதைத்தான். முன்பக்கம் ஒரு துண்டு கழன்றோ தூக்கியோ திறக்கும் வகைதான் ஓரத்துக்கு உதவும். திறந்தால் கப் வீலின் விளிம்பு சுவரைத் தொடும் அளவுக்குப் போகும். திறந்த பக்கத்தில் உறிஞ்சல் போய்விடும் என்பதால் சுவரை ஒட்டும்போது மட்டும் திறந்து, மற்ற நேரம் மூடி ஓட்ட வேண்டும். பலர் காலையில் திறந்தால் மாலைவரை மூடுவதில்லை.

கவரின் பிரஷ் கப் வீலின் முகத்தைவிட ஒன்று, ஒன்றரை மி.மீ. கீழே இறங்கி நிற்க வேண்டும். அதிகம் இறங்கினால் பிரஷ்மேல் மெஷின் மிதக்கும், வெட்டாது. மேலே ஏறினால் தூசி பக்கவாட்டில் பீறிடும். புதுக் கப் வீலின் செக்மென்ட் (வைரம் பதித்த வெட்டும் துண்டு) 5 மி.மீ. உயரம் இருந்தால் தேயத் தேய பிரஷ் தானாகவே நீண்டதாக ஆகிவிடும். அப்போது ஸ்பிண்டிலில் (வட்டு பூட்டும் தண்டு) போட்டிருக்கும் ஒரு மி.மீ. வாஷர்களைக் கூட்டியோ, கவரின் கிளாம்ப்பைத் தளர்த்தி ஏற்றியோ சரிசெய்ய வேண்டும். வாஷர் போடும்போது கப் வீல் மரையில் முழுதாக ஏறிப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் 'வீல் வெட்டவில்லை, மட்டச் சரக்கு' என்று பாதி உயிருள்ள கப் வீலைத் தூக்கிப்போடுவது நிறைய நடக்கிறது. கிளாம்ப்பின் உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மெஷினைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

வாக்குவத்தில் சிக்கனம் வேண்டாம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி, கைக் கிரைண்டருக்கு வட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 25 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்றோட்டம், 99 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர், அதோடு தூசியைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோன் அல்லது ஃபில்டரை உதறிச் சுத்தம் செய்யும் ஏற்பாடு கேட்கிறது. அதாவது ஐந்து அங்குலத்துக்கு 125, ஏழு அங்குலத்துக்கு 175 சிஎஃப்எம். கான்கிரீட் தூசியில் இருப்பது சிலிகா. கண்ணுக்குத் தெரியாத துகள்தான் நுரையீரலில் போய்த் தங்கும், போனது திரும்பி வராது. கவரும் வாக்குவமும் இருந்தாலும் மூடிய அறையில் என்95 மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்யும் பையன்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது; மேஸ்திரிதான் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கப் வீலும் பாண்டும்

செக்மென்ட்டில் வைரத்தைப் பிடித்துவைத்திருக்கும் உலோகம்தான் பாண்டு. கெட்டியான தரைக்கு மென்மையான பாண்டு, பொலபொலத்த தரைக்குக் கடினமான பாண்டு. புதிதாக வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பாண்டு தேய்ந்தால்தான் அடுத்த வைரம் வெளியே வரும். ஹார்ட்னர் (மேற்பரப்பைக் கெட்டியாக்கும் தூள்) தூவி பவர் ட்ரோவல் (தளத்தை மெஷினால் தேய்த்து இறுக்குவது) போட்ட குடோன் தரையில் உராயும் மணல் குறைவு என்பதால் கடினமான பாண்டு தேயவே தேயாது, மேலாக வழுக்கும். செக்மென்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். நன்றாக வெட்டும் வீலில் வைரத்தின் நுனி தோலில் உறுத்தும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வைரத்துக்கும் பின்னால் சின்ன வால் போல உலோகம் நிற்கும். மழுங்கியதில் வால் இருக்காது, முகம் வழவழப்பாக மின்னும். அதைச் செங்கல்மேலோ மட்டமான கலவையில் வார்த்த கட்டைமேலோ ஒரு நிமிடம் ஓட்டினால் மறுபடி வாய் திறக்கும். திரும்பத் திரும்ப மழுங்கினால் பாண்டுதான் தப்பு.

ஒரு விஷயம் எச்சரிக்கையாக. சுவரோரத்தில் வைப்ரேட்டரும் ட்ரோவலும் சரியாகப் போயிருக்காது. கொத்தனார் கரண்டியால் சிமெண்ட் பால் இழுத்து முடித்திருப்பார். அங்கே மேலே கனமான சாந்து, ஜல்லி ஆழத்தில். நடுவில் ஜல்லி தெரிகிறதே என்று ஓரத்திலும் ஜல்லி வரும்வரை தோண்டினால் சுவரை ஒட்டி வாய்க்கால் விழும். இரண்டு மி.மீ. எடுத்தும் வரவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் ஒரு மூலையைத் தேய்த்துக் காட்டிப் பேசிவிட்டால் பின்னால் தகராறு இல்லை.

ஓட்டும் முறை

ஒவ்வொரு கிரிட்டிலும் ஓரத்தை முதலில் எடுத்துவிட்டு அதன்மேல் ஒரு சாண் ஏறிவரும்படி பெரிய மெஷினை ஓட்டுங்கள். கைக் கிரைண்டரின் வளைவுக் கீறல் அந்த ஒரு சாணில் கரைந்துபோகும். நடுவை முடித்துவிட்டு ஓரத்துக்கு வந்தால், சேரும் கோட்டில் விழுந்த கீறலை அழிக்க ஆளில்லை.

பெரிய மெஷின் 30 கிரிட்டில் தொடங்கினால் ஓரத்துக்கு 50 அல்லது 60 போதும். வேகமே மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடுத்து 120. அதற்கப்புறம் நேராக ரெசினுக்குத் தாவாமல், 100 அல்லது 200 கிரிட் செராமிக் பேடு (மெட்டலுக்கும் ரெசினுக்கும் இடைப்பட்டது) ஒன்றை நடுவில் கட்டாயம் போடுங்கள். மெட்டல் விட்ட கீறலை ரெசின் எடுக்கும் என்று நம்பி 400, 800 வரை போன பிறகு வெயில் சாயும் நேரத்தில் வளையம் வளையமாகத் தெரிந்தால், திரும்ப மெட்டலிலிருந்து வர வேண்டும்.

மெஷினைத் தரையில் வைத்துவிட்டு ஆன் செய்யக்கூடாது. தூக்கிய நிலையில் முழு வேகம் எடுத்ததும் மெதுவாக இறக்க வேண்டும். கப் வீல் எப்போதும் மட்டமாக உட்கார வேண்டும். கைப்பிடி ஒரு டிகிரி சாய்ந்தாலும் பிறை வடிவத்தில் வெட்டு விழும், அது 3,000 கிரிட் பாலிஷிலும் சிரிக்கும். ஒரு மீட்டர் நீளமாக எடுத்துக்கொண்டு, முதலில் சுவருக்கு இணையாக, பிறகு சிறு சிறு வட்டமாக, ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். தொடங்கும் முன் மெழுகு பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கோடு முழுதும் மறைந்ததா என்று பார்த்தால் விட்டுப்போன இடம் தெரியும். ஒவ்வொரு கிரிட் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, எல்இடி டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து அடிக்கும் டியூப்லைட்டில் கீறல் தெரியாது.

90 டிகிரி மூலை எந்த வட்டுக்கும் வசப்படாது. 180 மி.மீ. வட்டு இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு நின்றாலும் மூலைப் புள்ளியிலிருந்து 37 மி.மீ. மிச்சம் இருக்கும், 125-க்கு 26 மி.மீ., 100-க்கு 21 மி.மீ. அந்த முக்கோணத்தை முக்கோணத் தலை வைத்த மல்ட்டி டூலில் அல்லது வெல்க்ரோ ஒட்டிய வைரக் கைப்பேடில்தான் எடுக்க முடியும். மொசைக் காலத்தில் கார்பரண்டம் கல்லை வைத்து மூலை தேய்த்த பெரியவர்கள் இதை இன்றும் அழகாகச் செய்கிறார்கள். ஸ்கர்ட்டிங்கைப் பாலிஷுக்குப் பிறகு ஒட்டச் சொல்லிவிட்டால் 10, 12 மி.மீ. அதன் அடியில் மறைந்துவிடும். சுவரில் கவர் உரசிய கறுப்புத் தடமும் போய்விடும்.

தரையைக் கெட்டியாக்கும் திரவமான டென்சிஃபையரை அடிக்கும்போது ஓரத்தில் தேங்கவிடாதீர்கள். ஸ்ப்ரேயில் வழிந்தது சுவரடியில் குட்டையாக நின்று காய்ந்தால் வெள்ளைப் படலமாக இறுகிவிடும், சோடியம் சிலிகேட் வகையில் இது இன்னும் மோசம். ஓரத்துக்குப் பெயின்ட் பிரஷால் தடவி, மிச்சத்தை இருபது நிமிடத்துக்குள் துணியால் எடுத்துவிடுவதே நல்லது.

ரெசின் கட்டத்தில் எதிரி சூடுதான். பேடு கையில் தொட முடியாத அளவு கொதித்தால் ரெசின் இளகித் தரையில் ஒட்டும். வெள்ளைத் தரையில் அது பச்சை, சிவப்புத் தடமாகத் தெரியும். ஒவ்வொரு கிரிட்டிலும் இரண்டு பேடு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டலாம். பேடைத் தாங்கும் பேக்கர் பேடு, மெட்டலுக்கும் செராமிக்குக்கும் கெட்டியானதாகவும், 400-க்கு மேல் மென்மையான ரப்பராகவும் இருக்கட்டும். தண்ணீர் விட்டு ஓட்டினால் சூடு பிரச்சினை இல்லை, ஆனால் சுவர்ப் பூச்சு சேறு குடித்துக் கறையாகும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்றால் கசிவு வந்ததும் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் தொடவே வேண்டாம்.

கரண்டும் பராமரிப்பும்

2,200 வாட்ஸ் ஏஜி7-உம் 1,400 வாட்ஸ் வாக்குவமும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல். ஒரே பிளக்கில் இரண்டையும் குத்தாமல் தனித்தனி லைனில் போடுங்கள். 50 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் 1 சதுர மி.மீ. என்றால் 10 ஆம்பியருக்கே 18 வோல்ட் வழியில் போய்விடும், 2.5 சதுர மி.மீ. என்றால் 7 வோல்ட்தான். மோட்டார் எரிந்தது என்று சர்வீசுக்குப் போகும் மெஷின்களில் ஒயரின் பங்கு நிறைய.

தினமும் வேலை முடிந்ததும் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, காற்றுத் துவாரங்களில் கம்ப்ரஸரால் ஊத வேண்டும். உள்ளே தங்கும் தூசி விசிறிக் காற்றோடு சுழன்று காயிலின் பூச்சை அரிக்கும். கார்பன் பிரஷ் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சுவிட்சும் கியர் பக்கத்து பேரிங்கும்தான் அடிக்கடி போகும். கைப்பையில் ஒரு செட் இருப்பது நல்லது. கப் வீலை மாட்டி ஓடவிட்டதும் கையில் புதிதாக அதிர்வு தெரிந்தால் வீலை வேறு மெஷினில் மாட்டிப் பாருங்கள். அங்கும் அதிர்ந்தால் வீல் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது. அதிரவில்லை என்றால் ஸ்பிண்டில் வளைந்திருக்கலாம், சரிபார்க்கும்வரை அந்த மெஷினை ஓட்டவே கூடாது.