கால்வாய்க்கு மேற்கேதான் நல்ல பார் இருக்கு

பாரீஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பாண்டிக்கு வந்தால் அம்மா வீடு, கல்யாணம், கருமாதி என்றே லீவு கரைந்துவிடும். இந்த முறை ஒன்பது நாள், ஒரு வேலையும் கிடையாது. பிறந்த ஊரின் பார்களை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிடுவது என்று மாமா மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாளே அடி. வந்து இறங்கியது அக்டோபர் 1 நள்ளிரவு. மறுநாள் காந்தி ஜெயந்தி, ஊர் முழுக்க ஷட்டர். "டிக்கெட் போடறப்ப காலண்டர் பாக்க மாட்டியா மச்சான்?" என்று அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15-ம் அப்படித்தான். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தேதி, வெளியூர்க்காரர்கள் மாதிரியே பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தில் ஆரம்பித்தோம். துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதிப் பக்கம் மஞ்சள் சுவர், காகிதப்பூ, மொட்டை மாடியில் தொங்கும் குண்டு பல்புகள். நாங்கள் சின்ன வயதில் சைக்கிள் விட்ட தெருக்கள்தான். இப்போது சனிக்கிழமை சென்னை, பெங்களூர் வண்டிகள் வந்து நின்றால் நடக்க இடமில்லை. நாங்கள் ஏறிய மாடியில் காற்று அருமை. மெனுவில் பிரெஞ்சுப் பெயர்களாக இருந்தது. ஒன்றைப் பிரெஞ்சிலேயே உச்சரித்துக் கேட்டேன், பையனுக்குப் புரியவில்லை. அவன்மேல் குற்றமில்லை, வேறு மாநிலத்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம்.

பில் வந்தபோதுதான் காற்று நின்றது. இரண்டு பீர், ஒரு காக்டெயில் சேர்த்து 1,190. வஞ்சிரம் வறுவலும் உருளைக்கிழங்கும் 640. அதன்மேல் சேவைக் கட்டணம் என்று 183. எல்லாவற்றையும் கூட்டி, பீருக்கும் சேர்த்து, 5 சதவீத ஜிஎஸ்டி. மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, அது மாநில வரியில் வருவது. சேவைக் கட்டணமும் கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. சண்டை எல்லாம் போடவில்லை. "இந்த ரெண்டையும் எடுத்துட்டு சாப்பாட்டுக்கு மட்டும் வரி போட்டுக் குடுங்க" என்றேன். மேனேஜர் ஒரு வார்த்தை பேசாமல் புது பில் கொண்டுவந்தார்: 1,862. ஏறக்குறைய 250 ரூபாய் குறைந்தது. அந்த மௌனத்தைப் பார்த்தால், நான் முதல் ஆள் இல்லை என்று தோன்றியது.

மறுநாள் வெள்ளை நகரத்தின் எல்லையான கால்வாயைத் தாண்டி மேற்கே போனோம். அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. ஏசி ஹால் ஒன்று, மின்விசிறி ஹால் ஒன்று. மச்சான் யோசிக்காமல் மின்விசிறிப் பக்கம் உட்கார்ந்தான். பரிமாற வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், காதில் பென்சில். குவார்ட்டரைக் கொண்டுவந்து லேபிள் என் பக்கம் தெரியும்படி பிடித்தார். நான் தலையாட்டிய பிறகுதான் மூடியைத் திருகினார். சீல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அளவுக் குவளையில் 60-ம் கோடு வரை ஊற்றி, கண்ணாடி டம்ளரில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை அப்படியே பிடித்திருந்தார். பாரீஸில் 40 மில்லிக்குமேல் ஒரு துளி கேட்டால் பார்க்கிற பார்வையே வேறு. இங்கே கேட்காமலே மாங்காய்க் கீற்றும் சுண்டலும் வந்தது.

"அண்ணா, எத்தனை வருஷமா இங்க?" என்றேன். "நீங்க வெளிய போறதுக்கு முன்னாடியே இருந்து, முசே" என்றார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரான்ஸ் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை, எப்படிக் கண்டுபிடித்தாரோ! பக்கத்து மேசையில் இரண்டு சொல்தா கிழவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பிரான்ஸ் பென்ஷன்காரர்கள். பாதித் தமிழ் பாதிப் பிரெஞ்சில் யாரோ ஒருவரின் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிக் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். துய்மா வீதி மெனுவில் தேடியது இங்கே இருந்தது.

கணக்கு சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் வந்தது, ஒரு ரூபாய் பிசகில்லை. கார்டு மட்டும் எடுக்க மாட்டார்கள். சுவரில் கியூஆர் அட்டை. 2024-லிருந்து ஈஃபில் கோபுரத்தில் யுபிஐ எடுக்கிறார்கள், பாண்டிக்காரனான என்னிடம் யுபிஐ இல்லை. மச்சான்தான் ஸ்கேன் செய்தான். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பீரில் ஒரு விஷயம்: இங்கே பின்ட் என்றால் 330 மில்லி, பெரிய பாட்டில் 650. அரை லிட்டர் டம்ளர் நினைப்பில் கேட்டால் ஏமாற்றம்தான். வண்டி ஓட்டவே வேண்டாம். பிரான்ஸில் 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் வரை விடுவார்கள், இங்கே 30. ஆட்டோவுக்கு மீட்டர் கனவு, ஏறுமுன் பேசிவிடுங்கள். நாங்கள் பெரும்பாலும் நடந்தோம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், பழைய துறைமுக அலுவலகத்தில் இருக்கும் லே கஃபேயில் ராத்திரி எந்நேரமும் காபி கிடைக்கும்.

ஒரு பகல் பாகூர்ப் பக்கம் கள்ளுக்கடைக்கும் போனோம். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் கிடையாது, அதனால் கடலூர்ப் பதிவெண் வண்டிகள் வரிசையாக நின்றன. காலையில் போனதால் இனிப்பாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் ஏறிவிடும். போகிற வழியில்தான் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து ஒயின் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்த இடம். "அப்ப ரெண்டாயிரம் வருஷமா இங்க சரக்கு இறங்குது" என்றான் மச்சான்.

கிளம்பும் அன்று பெட்டியில் ஒரு பாட்டில் வைத்திருந்தேன். சென்னை விமான நிலையத்துக்கு வந்த டிரைவர் சாவியைப் போடுமுன் கேட்டார்: "சார், சரக்கு எதுனா இருக்கா?" சீல் உடைக்காதது என்றேன். "கோட்டக்குப்பம் வந்தா தமிழ்நாடு. காலாப்பட்டு மறுபடி நம்ம ஊரு. கனகசெட்டிக்குளம் தாண்டினா திரும்பத் தமிழ்நாடு. எந்த செக்போஸ்ட்ல பாண்டி சரக்கோட நிறுத்தினாலும் மாட்டறது என் வண்டி சார்." பெட்டியைத் திறந்து பாட்டிலை மச்சானிடம் கொடுத்தேன். அவன் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.